நெடுந்தீவுக்கு அரச, தனியார் படகுகள் ஒரே நேர அட்டவணையில் ஓட வேண்டி கோரிக்கை மனு

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

விடயம்: பிற்பகல் திரும்பு படகை உறுதிசெய்து தருதல்

இதே கோரிக்கையை முன்னரும் எழுத்தில் தந்தோம். பதில் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து நெடுந்தீவுக்குப் படகேறும் குறிகாட்டுவான் இறங்குதுறை தாங்கள் அறியாத இடமல்ல. நேரே விடயத்துக்கு வருகிறோம்.

1. துறையிலிருந்து நெடுந்தீவு சுமார் ஒரு மணித்தியாலக் கடற்பயணம். பவளக்கல் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம் (பாவோபாப்), காட்டுக்குதிரைகள் மேயும் வெளி எல்லாம் முச்சக்கரவண்டியில் சுற்ற மூன்று, நான்கு மணித்தியாலம் வேண்டும். காலைப் படகு பிந்தினால் பாதியும் பார்க்க முடியாது.

2. எங்களை வாட்டுவது திரும்பு படகுதான். பத்துப் பேர் ஏறினாலும் படகு நிறைந்தாலும் டீசல் செலவு ஏறக்குறைய ஒன்றே. அதனால் ஆள் குறைந்த நாளில் தனியார் படகு நிரம்பும்வரை நிற்கும், இல்லையேல் ஓடாது. 2022 எரிபொருள் நெருக்கடிக்குப் பின் இந்தக் கணக்கு இன்னும் இறுகிவிட்டது. அரச படகு பழுதானால் மாற்றுப் படகு இல்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பினால் ஓட்டம் நிற்கும்; கடலைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் ஓட்டம் நின்ற செய்தி யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறுபவருக்கு ஏன் போய்ச் சேரவில்லை? துறைக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத்தான் அறிய வேண்டுமா? திரும்பும் நேரம் தெரியாத தீவை எந்தப் பயண முகவர் திட்டத்தில் சேர்ப்பார்? அருகிலுள்ள நயினாதீவை மட்டும் காட்டி ஆட்களைத் திருப்பிவிடுகிறார்கள். பெருக்கமரத்துக்குப் பெயர்ப்பலகை வைத்தால் போதுமா, ஐயா? பார்க்க வருபவர் எதில் வருவது, எதில் போவது?

3. ஆள் குறைந்த நாளின் டீசல் இழப்பை அரசு ஈடுசெய்யட்டும். படகு உரிமையாளர் பத்துப் பேரோடும் குறித்த நேரத்தில் புறப்படட்டும். விடுதி நடத்தும் நாங்கள் மறுநாள் பயணிகளின் எண்ணிக்கையை முதல்நாள் மாலையே துறைக்கு அறிவிப்போம். மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்க உடன்பாடு, முதலில் ஆறு மாதத்துக்கு. அட்டவணை மூன்று மொழியிலும் பஸ் நிலையத்தில் தொங்க வேண்டும். ஓட்டம் நின்றால் காலை ஆறு மணிக்குள் குறுஞ்செய்தி.

4. நோயாளர், மாணவருக்கு இருக்கை ஒதுக்கியபின்னரே மற்றவருக்குச் சீட்டு. நீண்ட விடுமுறையில் வெளியூரார் ஏறிவிட, கிளினிக்குக்குப் போகவேண்டிய கர்ப்பிணி துறையில் நிற்கும் சுற்றுலா எங்களுக்கு வேண்டாம்.

5. இருக்கைக்கு ஒரு பாதுகாப்பு அங்கி. துறையில் தண்ணீர் வரும் கழிப்பறை.

மற்றவை பிந்தினாலும் பொறுப்போம். பிற்பகல் படகு சொன்ன நேரத்தில் புறப்பட வேண்டும், ஐயா. தயவுசெய்து அதை மட்டுமாவது முதலில் செய்து தாருங்கள். இம்முறை எழுத்தில் பதில் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
நெடுந்தீவில் விடுதி, முச்சக்கரவண்டி, தனியார் படகு நடத்துவோர்