சபாநாயகரின் நாற்காலி

அன்புள்ள சுந்தரத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். பேத்தி பள்ளியில் சேர்ந்த செய்தி படித்து மகிழ்ந்தேன். இங்கே மழை விட்டபாடில்லை.

இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னனைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1649 ஜனவரி 30 அன்று அவன் தலை வெட்டப்பட்டதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ மன்னனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த போராட்டத்தின் உயிரே சபாநாயகரின் நாற்காலியில் இருப்பதாகத் தோன்றுகிறது.

1629 மார்ச் 2. நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையை ஒத்திவைக்கச் சொல்லி அரச கட்டளை. சபாநாயகர் ஜான் ஃபின்ச் எழ முயன்றார். டென்சில் ஹோல்ஸும் இன்னோர் உறுப்பினரும் அவரைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்கள். அவர் அழுதேவிட்டார். அவையின் ஒப்புதல் பெறாத வரிக்கு எதிரான தீர்மானம் அப்படித்தான் நிறைவேறியது. அதற்குப் பின் 11 ஆண்டுகள் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. கடலோர ஊர்களுக்கு உரிய கப்பல் வரியை நாடு முழுவதும் வசூலித்தான். வழக்கு வந்தபோது 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னன் பக்கம் நின்றார்கள். அவர்களில் அதே ஃபின்சும் ஒருவர்! ஸ்காட்லாந்துப் போருக்குப் பணம் தேவைப்பட்டதால்தான் 1640இல் அவையை மறுபடி அழைத்தான்.

1642 ஜனவரி 4 அன்று, ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து, மன்னனே காமன்ஸ் சபைக்குள் நுழைந்தான். ஐவரில் ஹோல்ஸும் உண்டு. முன்பே தகவல் தெரிந்து அவர்கள் தப்பிவிட்டார்கள். எங்கே என்று கேட்ட மன்னன் முன் சபாநாயகர் வில்லியம் லென்தால் மண்டியிட்டார். இந்த அவை பணித்தாலன்றிப் பார்க்கக் கண்ணும் பேச நாவும் தமக்கு இல்லை என்றார். 13 ஆண்டுகளுக்குள் அந்த நாற்காலி யாருக்குரியது என்பதே மாறிவிட்டதைப் பார், சுந்தரம்! படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

ஆனால் முடியாட்சி திரும்பிய 1660இல், சார்லஸின் மரண தண்டனை ஆணையில் கையெழுத்திட்ட தாமஸ் ஸ்காட் மீதான விசாரணையில், அவர் அவைக்குள் பேசியதையே சாட்சியாகச் சொன்னவரும் இந்த லென்தால்தான். ஸ்காட் கொல்லப்பட்டார். அவைப் பேச்சை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக்கூடாது என்று இங்கிலாந்தின் 1689 உரிமைச் சட்டம் எழுதிவைத்தது. நம் அரசியலமைப்பின் 105ஆம் பிரிவிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

உயிர்ப்பயத்தில் சொன்னார் என்று நீ லென்தாலுக்காக வாதாடுவாய். என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. உன் தரப்பை விரிவாக எழுது.

அன்புடன்,
வேலு