அப்பாவுக்கு: முதல் அறுபது அடி

சாண்டஸ்கி, ஒகாயோ
கார்த்திகை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியவன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, சின்னவன், பாப்பா, குடியாத்தம் அத்தை எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை, அம்மாவும் பாதியிலேயே வாங்கிவிடுகிறார்கள். அதனால் நானும் எழுதியே பதில் சொல்கிறேன். பாப்பாவை நிதானமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வடக்கே ஈரி ஏரி. மறுகரை தெரியாத ஏரி அது, அதன் மேலிருந்து வரும் காற்று இரண்டு ஸ்வெட்டரைத் தாண்டி எலும்பில் போய் நிற்கிறது. இங்கே சூரியன் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இறங்கிவிடும். சாப்பாட்டுக்குக் குறை இல்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். அரிசியும் பருப்பும் கிளீவ்லேண்டு போய் மொத்தமாக வாங்கி வந்துவிடுவேன். கத்திரிக்காய்தான் சரியில்லை. வழவழவென்று கருநீலத்தில் முழங்கை நீளம் இருக்கிறது, எண்ணெயில் போட்டால் கரைந்து கூழாகிவிடுகிறது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைக் காம்போடு கீறி வதக்கினால் வரும் வாசனையில் பாதிகூட வராது. ஒரு ஆளுக்குப் பிரியாணி செய்யும் அளவும் இன்னும் பிடிபடவில்லை. செய்தால் மூன்று நாளைக்கு ஆகிறது. மீந்ததைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கொடுக்கிறேன்.

அந்தத் தாத்தாவைப் பற்றிப் போனில் சொன்னேனே, தினமும் காலையில் வாசலில் நின்று நோட்டில் ஏதோ எழுதுவார் என்று. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தனி ஆள். பேச்சு மிகக் குறைவு. ஏதாவது வேண்டுமென்றால் கதவைத் தட்ட மாட்டார், நான் வெளியே வரும்வரை புல்தரையில் நின்றுகொண்டிருப்பார். பிரியாணியில் இருக்கும் கிராம்பு, பட்டை எல்லாவற்றையும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றும் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த நோட்டில் அவர் எழுதுவது அன்றைய வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம். வாலிபத்தில் கார்ப் பந்தயம் ஓட்டியவராம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். சின்னவன் உங்களிடம் ‘அண்ணன் ரேஸ் ஓட்டுகிறான்’ என்று சொல்லி வைத்திருக்கிறான். நீங்களும் பயந்துபோய் ‘இதற்காகவா கடல் தாண்டிப் போனாய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை அப்பா. ரோட்டில் ஓட்டுவதில்லை. இங்கிருந்து அரை மணி நேரத்தில் நார்வாக் என்ற ஊரில் இதற்கென்றே போட்ட பாதை இருக்கிறது. வளைவே கிடையாது, நேராகக் கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டு பக்கமும் சுவர். ஆம்புலன்ஸ் காத்துக்கொண்டே நிற்கும். உள்ளே விடும் முன் பேட்டரி ஆடுகிறதா, சக்கர நட்டு இறுக்கமா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகுதான் விடுவார்கள். 13.99 நொடியோ அதற்குக் குறைவாகவோ ஓடும் வண்டிக்கு ஹெல்மெட் கட்டாயம். நான் அதற்கு முன்பே வாங்கிவிட்டேன். பையன்கள் தெருவில் பந்தயம் விட்டுச் சாகக் கூடாது என்றுதான் வாலி பார்க்ஸ் என்பவர் 1951-இல் இதற்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்தார். அவர்கள் விதிப்படிதான் எல்லாம் நடக்கிறது.

நம் பக்கம் மாடு விடும் விழாவை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும். கோட்டிலிருந்து கோடு வரை எத்தனை நொடி என்பதுதான் கணக்கு. நான் போகிற பயிற்சி நாட்களில் பக்கத்துத் தடத்தில் யார் ஓடினாலும் நமக்குக் கவலை இல்லை, நம் நேரத்தை நாம் குறைக்க வேண்டும். ஓடி முடித்ததும் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். 60 அடி, 330 அடி, 660 அடி என்று ஒவ்வோர் இடத்தையும் வண்டி எத்தனை நொடியில் தாண்டியது, கடைசியில் என்ன வேகம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

வண்டி 2006 மஸ்டாங் ஜிடி. எட்டு சிலிண்டர், 4.6 லிட்டர், ஐந்து கியர். பழைய வண்டி என்பதால் சல்லிசாகத்தான் கிடைத்தது. வேலைக்குப் போவதும் இதில்தான், தனியாக ஒரு செலவு என்று நினைக்க வேண்டாம். முதலில் ஓடியபோது 14.12 நொடி, கடைசி வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். நான் இன்ஜினுக்கு என்ன வாங்கிப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தாத்தா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பென்சிலால் ஒரே ஓர் எண்ணைச் சுற்றிக் காட்டினார். 60 அடியைத் தாண்ட ஆன நேரம், 2.25 நொடி. கடைசி வேகம் இன்ஜினின் பலத்தைச் சொல்லும், அது நன்றாகத்தான் இருக்கிறது, நேரமெல்லாம் புறப்படும் இடத்திலேயே போய்விடுகிறது என்றார். முதல் அறுபது அடியில் பத்தில் ஒரு பங்கு நொடி மிச்சம் பிடித்தால், முடிவில் அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகத் திரும்பி வரும். முன்கூட்டிப் பிடித்த வேகம் பாதை முழுக்கக் கூடவே வருகிறது அல்லவா.

அதற்கப்புறம் செய்ததெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த வேலைதான் அப்பா. பாலாற்று மணலில் லேலண்டு லாரி சிக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதே, டயரில் காற்றை இறக்கு, ஆஃப் கிளச்சில் மெதுவாக எடு என்பீர்களே, அதேதான். பின்சக்கரங்களுக்கு டிராக் ரேடியல் என்று மெத்தென்ற ரப்பர் டயர் போட்டிருக்கிறேன். தாத்தாவின் நண்பர் ஒருவர் பாதி தேய்ந்த ஜோடியைக் கொடுத்தார். மழையில் வழுக்கும் என்பதால் பாதைக்குப் போன பிறகுதான் மாட்டுவேன். அதில் காற்று 18 பவுண்டு, முன்சக்கரத்தில் 40. பின்னால் அகலமாகப் பதிந்து பிடிக்க வேண்டும், முன்னால் லேசாக உருள வேண்டும். கிளச்சை ஒரேயடியாக விட்டால் டயர் சுற்றிப் புகைதான் வரும். அல்லது உங்கள் லாரி மாதிரி ஒரே அச்சு என்பதால் பின்பக்கம் முழுதும் தடதடவென்று குதிக்கும். அச்சைப் பிடிக்கும் கீழ்க்கைகளை மாற்றியதும் அந்தக் குதிப்பு நின்றது. இப்போது இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் வைத்து ஆஃப் கிளச்சில் எடுக்கிறேன்.

புறப்படும் கோட்டுக்குப் பக்கத்தில் தரையில் பிசின் மாதிரி ஒன்றைத் தெளித்திருப்பார்கள். அங்கே நடந்தால் காலை எடுக்கும்போது செருப்பு தரையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அவ்வளவு பிடிப்பு. அதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிய இடம் ஒன்று. மெத்தென்ற டயர்காரர்கள் அதில் பின்சக்கரத்தை நனைத்துச் சுற்றிச் சூடாக்குவார்கள். சாதாரண டயர் போட்டவன் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், இல்லாவிட்டால் டயர் வெட்டில் தண்ணீர் ஏறிக் கோடு வரைக்கும் வந்துவிடும். கோட்டில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஒளிக்கற்றைகள். முன்சக்கரம் இரண்டாவதை லேசாகத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தாலும் கடிகாரம் ஓடாது, சக்கரம் அந்தக் கற்றையை விட்டு விலகினால்தான் ஓடும். அதனால் முன்னால் ஏறி நிற்காமல் தொட்டும் தொடாமலும் நின்றால், நேரம் ஓட ஆரம்பிக்கும்போது வண்டி ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் தாத்தா இன்ஜின் பக்கம் போக விட்டார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். காற்று உள்ளே போகும் குழாயை மாற்றினோம். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகி வண்டியின் கம்ப்யூட்டரில் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, கொஞ்சம் அட்வான்ஸ் செய்தோம். சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோலில் அப்படிச் செய்தால், அது தாறுமாறாக எரிந்து நாக்கிங் வந்து பிஸ்டன் போய்விடும், அதனால் அன்றைக்கு மட்டும் 93 போடுகிறேன். ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட்டு எல்லாம் இறக்கிவிடுவேன், 45 கிலோ குறைந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடி. வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்துவைத்து, கையால் தள்ளிக்கொண்டே போவேன். சூடான இன்ஜின் இழுக்காது. பின் அச்சில் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரத்தை மாற்றினால் இன்னும் குறையும். அது இப்போது அவசரமில்லை என்று விட்டிருக்கிறேன்.

ஐப்பசி கடைசியில் சீசன் முடிகிற நாள். நல்ல குளிர். 30 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 10 டிகிரிக் காற்று சுமார் 7 சதவீதம் அடர்த்தி, இன்ஜினுக்கு அது விருந்து. தரை குளிர்ந்து பிடிப்புக் குறையும் என்பதால் டயரை நன்றாகச் சூடாக்கினேன். முதல் அறுபது அடி 1.93 நொடி. மொத்தம் 13.42. கடைசி வேகம் மூன்று கிலோமீட்டர்தான் கூடியிருந்தது அப்பா. குறைந்த நேரத்தில் பெரும்பங்கு புறப்பாட்டில் வந்தது. தாத்தா சீட்டை வாங்கி, மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போது மைக்கில் என் நேரத்தைச் சொன்னார்கள். அடுத்த வண்டி எது, எந்த ஊர், எத்தனை நொடி என்று இழுத்து இழுத்துச் சொல்கிற அந்தக் குரல் அப்படியே பனமடங்கி மாடு விடும் விழா மைக் மாதிரி இருந்தது. என்னை அறியாமல் வேலி ஓரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டேன், துண்டை உதறிக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்களா என்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அறுத்து முடித்த சோளக்காடு, ஒரு ஆள் இல்லை. கடலை உருண்டை, தூசி, பறைச் சத்தம், நம் காளை செவலையைப் பிடித்துக்கொண்டு சின்னவன் கத்துவது, எல்லாம் நினைவுக்கு வந்தது. ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் இதைப் படிக்க வேண்டாமென்று பாப்பாவிடம் சொல்லுங்கள்.

இப்போது செவலை விஷயம். நாட்றம்பள்ளிக்காரர் நல்ல விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தை முடியும்வரை கொடுக்க வேண்டாம். போன தடவை பரிசு தவறியது ஒரு நொடிக்கும் குறைவில். மாட்டுக்கு வயதாகிவிட்டது என்று சித்தப்பா சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சின்னவன் அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பாதிக்கு மேல் அது யாருக்கும் குறைந்து ஓடவில்லை. அவிழ்த்துவிட்ட இடத்தில்தான் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடுகிறது. ஏரிக்கரைப் பயிற்சியில் கோட்டிலிருந்து இருபது மீட்டருக்கு ஒரு கொடி நடச் சொல்லுங்கள். சின்னவன் போனில் ஸ்லோமோஷனில் எடுத்து அந்த இருபது மீட்டருக்கு மட்டும் தனியாக நேரம் குறிக்கட்டும். கயிறு உருவுவதை முதலில் மாற்றிப் பாருங்கள். அப்புறம் ஆட்களைத் தள்ளி நிறுத்திப் பாருங்கள். அதற்கப்புறம் தீனி. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பருத்திக்கொட்டையைக் குறைக்க வேண்டாம், அந்தச் செலவு என்னுடையது.

கம்பெனியில் இந்த மாதம் ஓவர்டைம் கொஞ்சம் குறைவு, வேறொன்றும் இல்லை. பண்டிகைக் காலத்தில் இங்கே அப்படித்தான். அதனால் இந்த மாதப் பணத்தையும் அடுத்த மாதப் பணத்தையும் சேர்த்துத் தை பிறந்ததும் அனுப்புகிறேன். அதுவரைக்கும் ஏலச்சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டாம், நஷ்டம் அதிகம். அவசரமென்றால் அத்தையிடம் கைமாற்று வாங்கிக்கொள்ளுங்கள், நான் அவரிடம் பேசிவிட்டேன்.

அம்மாவின் முழங்காலைத் தள்ளிப்போடாமல் சிஎம்சியில் காட்டுங்கள். விடியற்காலையே போனால் மதியத்துக்குள் வந்துவிடலாம், சின்னவன் கூடப் போகட்டும். ஆரணி மாப்பிள்ளை வீட்டார் தையில் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வரட்டும். ஆனால் பாப்பா பி.எட். முடிக்கும்வரை நாள் குறிக்க வேண்டாம், அதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பெரியப்பாவிடம் ஏரிப்பக்கத்து நிலத்தைப் பற்றி வாய்வார்த்தையாக எதற்கும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். பாகப் பத்திரத்தையும் பட்டாவையும் சின்னவனைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சர்வே எண்ணும் நான்கு எல்லையும் தெளிவாகத் தெரிய வேண்டும். நான் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகு கையெழுத்துப் போடலாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
பெரியவன்