செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கவர்மேல் ஒட்டிய விலாசம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

இந்த ஆண்டு நம் ஓய்வூதியர் சங்கத்தின் நிர்வாகக் குழு ஏழு முறை கூடியது. சந்தா, மருத்துவ முகாம், தணிக்கை எல்லாம் பொருளாளர் அறிக்கையில் வருகின்றன. நான் அவற்றுக்குள் போகவில்லை. என் நேரத்தை விழுங்கியது ஒரே வேலை. உங்கள் வீட்டுக்கு வரும் கவரில் ஒட்டியிருக்கும் லேபிள்தான் அது.

பல ஆண்டுகள் நம் மூத்த உறுப்பினர் ஒருவரே எல்லாக் கவர்களிலும் கையால் விலாசம் எழுதினார். முத்து முத்தான கையெழுத்து. கண்ணில் புரை விழுந்தபின் அவரால் முடியவில்லை; டி.டி.பி. கடையில் கொடுத்து அடித்து வாங்கினோம். சென்ற ஆண்டு அந்தக் கடையும் மூடிவிட்டது. பட்டியல் மட்டும் ஒரு பென்டிரைவில் கைக்கு வந்தது.

திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலைந்து கிடந்தது. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் இப்படித்தான் தெரியும். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு, எல்லாக் கணினியிலும் ஒரேபோலத் தெரியும் யூனிகோடு முறைக்குக் கொண்டுவந்தோம். தமிழ் தெரிந்தது, ஆனால் அதோடு தீரவில்லை. துணைக்காலுக்குப் பதில் 'ர' தட்டியிருந்தார்கள்; 'எ' வரவேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு உட்கார்ந்திருந்தது. அச்சில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கணினியில் தேடும்போதுதான் ஆள் அகப்பட மாட்டார்.

பெயர்கள் அடுத்த தலைவலி. 'ஆர். கோவிந்தராஜன்' ஓரிடத்தில், 'இரா. கோவிந்தராஜன்' இன்னோரிடத்தில், இருவரும் ஒருவரே, இரண்டு சுற்றறிக்கை போய்க்கொண்டிருந்தது. சுப்ரமணியன், சுப்பிரமணியன், சுப்ரமணியம் கதையை நான் சொல்லத் தேவையில்லை. முன்னெழுத்தை வெட்டி அட்டவணையில் தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) வைத்து, பெயரை அகரவரிசைப்படுத்திய பிறகுதான் இரட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

ஊர்ப் பெயர்களில் மாவட்ட வரலாறே இருந்தது. ஒரு விலாசத்தில் 'மாயூரம், தஞ்சாவூர் ஜில்லா'. மாயூரம் மயிலாடுதுறை ஆனது 1982இல். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்தோடு போனது. 2020 டிசம்பரில் தானே மாவட்டமாகிவிட்டது. வீட்டுக்காரர் அதே வீட்டில்தான் இருக்கிறார்! இத்தனை மாற்றத்திலும் மாறாதது 609001 என்ற பின்கோடுதான். அதனால் மாவட்டத்தைத் தனிப் பத்தியாக்கி, பின்கோடு இல்லாத விலாசம் எதையும் பட்டியலில் ஏற்றுவதில்லை என்று குழு முடிவெடுத்தது. பின்கோடு வரிசையில் அச்சிட்டால் கட்டுக் கட்டாகப் பிரித்து தபால் நிலையத்தில் கொடுக்கவும் வசதி. நம் பின்கோடுகள் எதுவும் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, தொல்லையில்லை. நியூஜெர்சியில் மகளோடு இருக்கும் உறுப்பினருடைய அமெரிக்க அஞ்சல் எண் 08820 மட்டும் 8820 ஆகிவிட்டது. அந்தப் பத்தியை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைக்கவேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

மொத்தம் 347 வரி இருந்தது. இரட்டைகள் 19, விலாசம் தெரியாதவர்கள் 5, காலமானவர்கள் 11. மீதி 312. அந்த 11 பேரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஜூலை சுற்றறிக்கை, இறந்து நான்கு மாதமான ஒரு சார் பெயருக்கே போயிருக்கிறது. அவருடைய துணைவியார் போனில் கோபப்படவில்லை, "அவர் பேர் எழுதி வந்திருக்கு, பிரிக்கலாமா?" என்று கேட்டார். சங்கத்தின் சார்பில் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன். இப்போது காலமானவர்கள் தனித் தாளில் இருக்கிறார்கள். குடும்ப ஓய்வூதியம் பெறுபவர்களை 'இன்னாரின் மனைவி' என்று எழுதாமல் அவரவர் பெயரிலேயே சேர்த்திருக்கிறோம்.

அச்சிடும் வேலைக்கு லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம், காசு கிடையாது. பட்டியலைத் தரவுத்தளமாக அதில் பதிவுசெய்து, 'புதிது' பட்டியில் 'லேபிள்கள்' தேர்ந்து, வேண்டிய பத்திகளைச் சேர்த்தால் போதும். உள்ளடக்கத்தை ஒத்திசைக்கும் கட்டத்தில் டிக் போட மறக்கக்கூடாது. போட்டிருந்தால் முதல் லேபிளில் எழுத்தைப் பெரிதாக்கியதும் ஒரே பொத்தானில் மற்ற 23ம் மாறிவிடும். நான் மறந்தேன். 24 லேபிளையும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தபோது, பொருளாளரின் பேத்தி வந்து பார்த்துச் சிரித்தாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

நாம் வாங்கியது ஏ4 தாளில் மூன்று பத்தி, எட்டு வரிசை, ஒவ்வொன்றும் 64க்கு 34 மில்லிமீட்டர். 312ஐ 24ஆல் வகுத்தால் சரியாக 13 ஷீட். முதல் தடவை ஆறு ஷீட் பாழானது. முழுக்க என் தப்பு. பிரிண்டரில் தாள் அளவு அமெரிக்க லெட்டர் என்று இருந்தது. ஏ4 உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டர் 279தான். தாளுக்குள் அடக்குகிறேன் என்று பிரிண்டர் எல்லாவற்றையும் சுருக்கியது. வரிசைக்கு 2 மில்லிமீட்டர் வீதம் மேலே ஏறி, எட்டாவது வரிசையில் பெயர் ஒரு லேபிளிலும் பின்கோடு அடுத்ததிலும் விழுந்தன. இப்போது அளவை நூறு சதவீதத்தில் வைத்து, முதலில் வெள்ளைத்தாளில் அச்சிட்டு, லேபிள் ஷீட்டின்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டே உண்மைத் தாளைப் போடுகிறோம். அப்புறம், பாதி உரித்த ஷீட்டை லேசர் பிரிண்டரில் மறுபடி விடவேண்டாம். சூட்டில் லேபிள் கழன்று உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பொதுக்குழு அறிவிப்பு எழுத்தில் போகவேண்டும் என்று நம் துணைவிதி சொல்கிறது. அதோடு, பட்டன் போன் வைத்திருக்கும் உறுப்பினர்கள்தான் சந்தாவை முதலில் கட்டுகிறவர்கள்.

ஜூலை அனுபவத்துக்குப் பிறகு மூன்று முறை கவர் அனுப்பினோம். கடைசி முறை திரும்பி வந்தவை நான்கே. நான்கு பேருமே பிள்ளைகள் வீட்டுக்குச் சென்னைக்குப் போனவர்கள், சொல்லாமல் போனார்கள். வீடு மாறினால் ஒரு கார்டு போடுங்கள். சந்தா ரசீதின் அடிக்கட்டையிலும் இனி விலாசத்துக்கு இடம் விட்டிருக்கிறோம்.

வாங்கிய 100 ஷீட்டில் மூன்று அனுப்புதலுக்கு 39, பாழானது 6 போக 55 மீதி. ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுவலக பீரோவில் வைத்திருக்கிறேன். சாவி பொருளாளரிடம்.

இவண்,
செயலாளர்