கொப்பருக்குப் பத்தியம் வேண்டாம்

மச்சான்,

கனநாளாய் எழுதேல்லை எண்டு ஏசப்போறாய். அதைப் பிறகு ஏசு. இரைப்பைப் புற்றுநோய்க்கு ஒப்பரேசன் செய்தாப் பிறகு கொப்பர் சாப்பிடுறாரில்லை எண்டு தங்கச்சி போனிலை அழுதவள். பிடிவாதம் எண்டு எல்லாரும் அவரோடை சண்டையாம்.

பிடிவாதக்காரன்தான், கணக்கு வாத்தியைக் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் இது அதில்லை. பசியைக் கிளப்புற கிரெலின் எண்ட ஹோர்மோன் பெரும்பாலும் இரைப்பையிலைதான் சுரக்குது. அவருக்கு அதிலை பெரும்பங்கு வெட்டியாச்சு. நோயாலை இரத்தத்திலை கலக்கிற அழற்சிப் பொருள்களும் மூளையிலை பசியை அமத்துது. கேட்கட்டும் எண்டு காத்திருக்காதை. ரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, பீரிசிலை கொள்ளுற அளவு குடு. தண்ணி, தேத்தண்ணி எல்லாம் அரைமணித்தியாலம் முந்தி, இல்லாட்டிப் பிந்தி.

நீங்கள் குடுக்கிற குளுக்கோஸ் தண்ணியை இண்டைக்கே நிப்பாட்டு. அது இரைப்பையிலை தங்காமல் சிறுகுடலிலை விழுந்து, உடம்புத் தண்ணியை அங்கை இழுக்குது. வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயித்தாலை போறது எல்லாம் அதாலைதான். அதுக்குப் பயந்தே மனுசன் அடுத்த வேளை வாய் திறவார்.

மாமியின்ரை பத்தியம்தான் எனக்குப் பெரிய தலையிடி. முட்டை சூடாம், மீன் ஆகாதாம், வடிச்ச கஞ்சித்தண்ணிதானாம். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேணும். 52 கிலோ ஆளுக்கு நாளுக்கு 62 கிராமாவது. கஞ்சித்தண்ணியிலை என்ன கிடக்கு? பட்டினி போட்டால் கட்டி சுருங்காது, சதைதான் கரையும்; மெலிஞ்சால் மருந்தேத்துறதையும் தள்ளிப்போடுவினம்.

கஞ்சியைத் தடிப்பாய்க் காய்ச்சி, வறுத்த பயத்தம் மா ரண்டு மேசைக்கரண்டி கரைச்சு விடு. கொதிக்கேக்கையே அடிச்ச முட்டையை நூல்மாதிரி ஊத்திக் கிண்டு. இறக்கினாப் பிறகு ஊத்தினால் பச்சைவாடை அடிக்கும், பிறகு கிட்டவும் எடுக்கார். நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டியோடை தொடங்கு. மலம் எண்ணெய்ப்பசையாய் மிதந்தால் விட்டிட்டு டொக்டரிட்டைச் சொல்லு. மத்தியானம் விளைமீன் சொதி, முள்ளெடுத்து. வாய் இரும்பு மாதிரிக் கைக்குது எண்டால் பிளாஸ்டிக் கரண்டி குடு. வாய்ப்புண் இல்லாட்டித் தேசிக்காய் ரண்டு துளி. ஏத்துற மருந்து ஒக்ஸாலிபிளாட்டின் எண்டால் கொஞ்சநாளைக்குக் குளிர்ந்தது ஒண்டும் வேண்டாம், தொண்டை விறைக்கும்.

கிழமைக்கு ஒருக்கா நிறுத்துக் கொப்பியிலை எழுது. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆசுப்பத்திரிக்குப் போகேக்கை அதைக் காட்டி, விற்றமின் பி12 ஊசியைப் பற்றியும் கேள். தண்ணிகூட இறங்கேல்லை, குடிச்சதெல்லாம் சத்தி எண்டால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் உடனை கொண்டு போ.

மாமிக்கு இதை வாசிச்சுக் காட்டாதை; எனக்கு இன்னும் அங்கை சோறு வேணும்.

உன்ரை,
முள்ளுக்கத்தி