பழைய எழுதுமேசையைச் சுரண்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய மரச்சாமான்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பக்கத்தைப் படித்தேன். பழைய புத்தக அலமாரியோ எழுதுமேசையோ கிடைத்தால் முதல் வேலையாகப் பாலிஷை முழுக்கச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று புது வார்னிஷ் அடிக்கச் சொல்கிறது. இருபது வருஷமாக இவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறேன், தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

நான் செய்து பட்டவன். எனக்குக் கிடைத்த முதல் எழுதுமேசையில் வலது கை படும் இடம் மட்டும் கறுத்து, மழமழவென்று, லேசாகக் குழிந்திருந்தது, பக்கத்திலேயே மை சிந்திய கறை. பாலிஷ் போடக் கொடுத்தேன், மெஷின் வைத்துத் தேய்த்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது குழியும் இல்லை, கறையும் இல்லை, ஓரங்களில் வெனீர், அதாவது மேலே ஒட்டியிருந்த மெல்லிய மரத்தகடு, போய் அடிமரம் வெளுப்பாகத் தெரிந்தது. ரம்பத்தால் அறுத்த பழங்கால வெனீர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல்கூட இருக்கும், பிற்காலத்தில் கத்தியால் சீவியது அதைவிட மெல்லிசு, மெஷினுக்கு எங்கே தாங்கும்?

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சாமான்கள் பலவற்றில் பாலிஷாக இருப்பது சாராயத்தில் கரைத்துப் பூசிய அரக்கு. கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் அரக்குதான். சுரண்டவே வேண்டாம், அழுக்கை எடுத்துவிட்டு மேலே மெல்லிசாக அரக்குப் பூசினால் பழைய பூச்சு இளகிப் புதியதோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் கண்ணாடி. பழைய கண்ணாடி அலமாரி முன் நின்று தலையை மெதுவாக அசைத்தால் உள்ளே இருக்கும் பொருள்கள் நெளியும், சில இடத்தில் குமிழி தெரியும். காலப்போக்கில் கண்ணாடி வழிந்துவிட்டது என்பார்கள், அது சரியில்லை, வாயால் ஊதிச் செய்ததால் வந்த நெளிவு. உருகிய உலோகத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் சமதளமான ஃப்ளோட் கண்ணாடியை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்ததே 1959இல்தான். நெளிந்த கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் அலமாரியின் பாதி அழகு போச்சு.

வாங்கும்போது முகப்பை அப்புறம் பாருங்கள், முதலில் இழுப்பறையை முழுக்க வெளியே உருவிப் பக்கப்பலகை சேரும் மூலையைப் பாருங்கள். புறா வால் போல வெட்டிக் கோத்திருப்பார்கள். கையால் வெட்டியதென்றால் ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், அளவுக்குக் கீறிய கோடுகூட அப்படியே இருக்கும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் மெஷின் வேலை. திருகாணியும் சொல்லும்: முனை மழுங்கி, தலையில் பள்ளம் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையது, சிலுவைப் பள்ளம் 1930களில் வந்தது. ஆனால் திருகாணியை யாராவது பின்னால் மாற்றியிருக்கலாம், அதை மட்டும் நம்பாதீர்கள். மேலே புத்தக அலமாரி, கீழே எழுதுமேசை என்று இரண்டு அடுக்காக இருப்பவற்றில் இன்னும் கவனம் வேண்டும், வேறு வேறு இடத்தில் கிடைத்த இரண்டைச் சேர்த்து விற்பது இந்தத் தொழிலில் சகஜம். பின்பக்கப் பலகைகளை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இதெல்லாம் மூலையில் நிறுத்திப் பார்ப்பதற்கு மட்டுமான பொருள்களும் இல்லை. சாமுவேல் பீப்ஸ் என்ற ஆங்கிலேயர் 1666 முதல் தச்சரிடம் சொல்லிச் செய்து வாங்கிய, கண்ணாடிக் கதவு போட்ட ஓக் மர அலமாரிகள் 12, கேம்பிரிட்ஜ் மாக்டலின் கல்லூரியில் இன்றும் அவர் புத்தகங்களைத் தாங்கி நிற்கின்றன.

மரத்தைத் துளைக்கும் உளுப் பூச்சியை மட்டும் விட்டுவைக்காதீர்கள். அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் பாருங்கள், ஓட்டைகளிலிருந்து புதிதாக மரத்தூள் உதிர்ந்தால் உடனே மருந்து வைக்க வேண்டும். வெயில் காலத்தில்தான் அதிகம் உதிரும்.

அடுத்த முறை இதுபற்றிப் பக்கம் போடும்போது பளபளக்கும் மேசைப் படத்தோடு, உருவிய இழுப்பறையின் மூலையைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றும் சேர்த்துப் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்