லாபம், ரெண்டு, மூணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

போன வாரம் நான் ஜிம்மில் எடை தூக்குகிறதை எடுத்து அனுப்பின வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, 58 வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா, இடுப்பு புடிச்சுக்கிட்டா யாரு பாக்கறது" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் பாப்பா அழுதாள், நீயும் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தக் கம்பியில் இருந்தது 50 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டை எடை. அதைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நிற்கிற தைரியம் எனக்குச் சில பேரைப் பார்த்து வந்தது.

முதலில் உன் அம்மாயி, என் அம்மா. 2014 கார்த்திகையில் தோட்டத்து வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்குத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். பால்காரர் வந்து பார்க்கும்போது ஆறரை. நீ அப்போது பெங்களூரில் இருந்தாய், உனக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, பிளேட் வைத்தது மட்டும்தான் தெரியும். விழுந்ததைவிட, எழ முடியாமல் ஈரத்தில் கிடந்த அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். "நாப்பது வருசம் காட்டுல பாடுபட்ட உடம்பு, ஒரு வாளியப் புடிச்சு எந்திரிக்க முடியலயே" என்பாள்.

அப்புறம் வீட்டுக்கு ஒரு பிசியோதெரபி பெண் வந்தாள். உயரமான நாற்காலியில் அம்மாயியை உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள் பாட்டி என்பாள். முதல் நாள் ஒரு தடவைகூட முடியவில்லை, தொடை நடுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்காம் நாள் எழுந்தாள். எழுந்ததும் "லாபம்" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. களத்தில் வள்ளத்தால் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். மறுபடி உட்கார்ந்து எழுந்து "ரெண்டு" என்றாள். 76 வயதில் அப்படி எண்ணி எண்ணித்தான், மூன்று மாதத்தில் பத்து வரைக்கும் வந்தாள். வாசல்வரை தானே நடந்தாள். 2018-ல் போய்ச் சேரும்வரை குளிக்கப் போக ஒருத்தர் கையைப் பிடிக்கவில்லை.

அடுத்து மாரியப்பன். 2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினாரே, நம்ம சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிப் பையன். ஐந்து வயதில் பஸ் காலில் ஏறி, கால் நசுங்கிப்போனவர். அவர் அம்மா செங்கல் சுமந்து, காய்கறி விற்று வளர்த்தவர். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டு நானும் உன் அப்பாவும் அழுதோம். ஆனால் எனக்குத் தைத்தது வேறு ஒன்று. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் ஒருவர்தான் அவரை உயரம் தாண்டிப் பார் என்று தூண்டினார் என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்கு உன் பி.டி. மிஸ் ஞாபகம் வந்துவிட்டது.

2006. நீ ஒன்பதாவது. அந்த மிஸ் நம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "400 மீட்டர்ல நல்லா ஓடறாம்மா, மாவட்டப் போட்டிக்கு அனுப்புங்க, நான் கூடவே இருந்து பாத்துக்கறேன்" என்று கெஞ்சினார். நான் "வயசுக்கு வந்த புள்ள அரை டவுசர் போட்டுக்கிட்டு வெயில்ல ஓடணுமா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெள்ளை ஷூவை ஈரத்துணியால் துடைத்து, கயிற்றை உள்ளே சுருட்டி வைத்து, அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றினாய். அதற்கப்புறம் நீ ஓடவே இல்லை. அது என் தப்பு கண்ணு. இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன், இன்னும் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும்.

2019-ல் எனக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தார்கள், மைனஸ் 2.1 வந்தது. மைனஸ் இரண்டரைக்குக் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து லேசாக விழுந்தாலே முறிகிற நிலை. மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு வேகமாகத் தேயும், தசை இழுத்து வேலை கொடுத்தால்தான் எலும்பு நிற்கும் என்று டாக்டர் விளக்கினார். நடந்தால் மட்டும் போதாது, வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்குங்கள் என்றார். எனக்கு உடனே துவைக்கிற கல்தான் கண்முன் வந்தது.

மறுநாள் பரண்மேல் ஏறி உன் ஷூவை எடுத்தேன். பசை விட்டு அடி பிளந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றிலும் தைத்து வாங்கி, அதைப் போட்டுக்கொண்டுதான் காந்தி ஸ்டேடியத்தில் முதல் ரவுண்டு நடந்தேன். உன் கால் அளவும் என் கால் அளவும் ஒன்று என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஜிம்முக்குப் போக இன்னும் இரண்டு மாதம் ஆனது. அங்கே சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு 26 வயது, கல்லூரியில் பளு தூக்கினவள். முதல் மாதம் முழுக்க வெறும் குச்சிதான் கொடுத்தாள். முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளு என்றால் எனக்கு வரவே இல்லை. கடைசியில், "ரெண்டு கையிலயும் குடம் இருந்தா கதவை எப்படிம்மா சாத்துவீங்க?" என்று கேட்டாள். பின்பக்கத்தால் தள்ளிக் காட்டினேன். "அதான்மா டெட்லிஃப்ட்" என்றாள். தரையிலிருந்து கம்பியை எடுத்து நிமிர்கிறதற்கு அதுதான் பெயர். அன்றைக்குப் பிடிபட்டது இன்றுவரை மறக்கவில்லை. கொரோனாவில் ஜிம் மூடினபோது 5 லிட்டர் எண்ணெய் கேன் இரண்டை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் செய்தேன், ஒரு வாரம் விட்டிருந்தால் விட்டதாகவே போயிருக்கும்.

2022-ல் பேப்பரில் ஒரு படம் வந்தது. ஹரியானாவைச் சேர்ந்த பகவானி தேவி என்கிற பாட்டி, 94 வயது, ஃபின்லாந்தில் டாம்பரே ஊரில் நடந்த மூத்தோர் உலகப் போட்டியில் 100 மீட்டரை 24.74 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். குண்டு எறிதலிலும் வட்டு எறிதலிலும் வெண்கலம் வேறு. அந்தப் படத்தை வெட்டி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன், நீ வந்தால் பார்க்கலாம். போக மனசில்லாத காலையில் புடவை எடுக்கக் கதவைத் திறந்தால் அந்தப் பாட்டி நிற்பார், நான் புடவையை விட்டுவிட்டு டிராக் பேண்டை எடுப்பேன்.

போன வருடம் மறுபடி ஸ்கேன் எடுத்தேன், மைனஸ் 1.8. டாக்டர் சிரித்துக்கொண்டே காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

வீடியோவில் சத்தம் சரியாகக் கேட்டிருக்காது. கம்பியை முதல் தடவை எடுத்து நிமிரும்போது நான் என்ன சொல்கிறேன் என்று சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேள், "லாபம்" என்றுதான் சொல்கிறேன்.

பாப்பாவைத் தூக்கினால் முதுகு வலிக்கிறது, எங்கேம்மா நேரம் என்கிறாய். பொங்கலுக்கு வரும்போது காலையில் பாப்பாவை அப்பா பார்த்துக்கொள்வார், பேசிவிட்டேன். நீயும் நானும் ஸ்டேடியத்துக்குப் போகலாம். நான் நடக்கிறேன், நீ ஓடு. பழைய ஷூ இனித் தாங்காது, புதுசு வாங்கி வைக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு கால் அளவு மாறியிருந்தால் மட்டும் எழுது.

அம்மா