கடலைப் புண்ணாக்கும் ஊரணியும் வாத்துகளுக்கு வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

செட்டிநாட்டில் பழைய வீடுகளை விடுதியாக்கியவர்களும் தோப்பு, கிணறு வைத்திருப்பவர்களும் அழகுக்காகக் கூஸ் வாத்து, மணிலா வாத்து என்று தொடங்கி, வசதி இருந்தால் கருப்பு அன்னம் வரை வாங்கி விடுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் நோய் வந்து சாவதற்கு முன்பே நாம் வைக்கும் தீனியும் விடும் தண்ணீரும் இவற்றைக் கொன்றுவிடுகின்றன.

முதல் எதிரி கடலைப் புண்ணாக்கு. செக்கு இருக்கும் ஊர்களில் எளிதாகக் கிடைப்பதால், மாட்டுக்குக் கரைப்பதில் ஒரு கை எடுத்து வாத்துக்கும் வைத்துவிடுகிறார்கள். ஈரம் பட்ட கடலையில் படரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்ததற்குக் காரணம், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சுதான். அப்போது வாத்துக்குஞ்சுகளும் செத்தன. கோழி தாங்கும் அளவைக்கூட வாத்துக்குஞ்சின் ஈரல் தாங்காது. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. புண்ணாக்கில் பூசணம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் நஞ்சு இல்லை என்றும் ஆகிவிடாது. புரதத்துக்குச் சோயாப் புண்ணாக்கு இருக்கிறது, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா இருக்கிறது. கடலைப் புண்ணாக்கை அடியோடு விட்டுவிடுங்கள். பூசணம் பிடித்த வைக்கோலைப் படுக்கையாகப் போடுவதும் ஆபத்து. அந்தத் தூசி நுரையீரலில் இறங்கினால் அன்னம் வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். அந்த நிலைக்கு வந்த பறவையைக் காப்பாற்றுவது அரிது. காய்ந்த ஆற்று மணல் போதும்.

குஞ்சுகளுக்குக் கோழிக்குஞ்சுத் தீவனம் கொடுத்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போவதைப் பலரும் வாதம் என்று நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் நயாசின் என்ற பி வைட்டமின் குறைவு. கோழிக்குஞ்சைவிட ஏறக்குறைய இரு மடங்கு நயாசின் வாத்துக்குஞ்சுக்கு வேண்டும். ஒரு கிலோ தீவனத்துக்குக் காய்ந்த ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் வடிப்பில் கிடைக்கும் உயிரற்ற ஈஸ்ட்) 50 கிராம் கலந்தால் தீரும். ரொட்டிக் கடையில் மாவு புளிக்கவைக்கும் உயிருள்ள ஈஸ்ட் இதற்கு உதவாது. முதல் மூன்று வாரம் 20 சதவீதப் புரதம், பிறகு 15, 16 என்று இறக்கிவிட வேண்டும். இறக்காமல் கொழுக்கவைத்தாலும், விருந்தினர்கள் ரொட்டியும் சோறுமாகப் போட்டாலும், இறகின் எடை தாங்காமல் சிறகு நுனி வெளிப்பக்கமாகத் திருகிக்கொள்ளும். பார்த்த உடனே சிறகை மடித்து நான்கைந்து நாள் துணிப்பட்டை கட்டினால் சரியாகும். எலும்பு முற்றிய பிறகு ஆயுளுக்கும் அப்படியே நின்றுவிடும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, முட்டையிடாத பறவையின் சிறுநீரகத்தை அது கெடுக்கும்.

அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்கிறோம். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற தகடுகள் இருப்பதும், அவற்றால் தண்ணீரை வெளியே தள்ளி இரையை நிறுத்திக்கொள்வதும் உண்மை. அதனால்தான் தீவனத் தட்டுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருக்க வேண்டும். மாவுத் தீனியை மட்டும் வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தலையை முழுதாக முக்கும் ஆழமும் வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் மூக்குத் துளையும் அழுக்கேறிப் புண்ணாகும். அன்னத்துக்கு மூன்றடி ஆழம் நல்லது. சொரசொரப்பான சிமென்ட் தரையில் நாளெல்லாம் நின்றால் உள்ளங்கால் கிழிந்து சீழ் கட்டும். தொட்டிக் கரையில் மணலோ புல்லோ அமையுங்கள். அடியில் வடிகுழாய் வைத்துத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பினால் பாசியும் சேராது, தென்னைக்கும் உரம்.

சித்திரை, வைகாசியில் குளம் வற்றிச் சேறாகும்போது தனியாக ஒரு ஆபத்து. செத்த மீன், அழுகிய பாசி, அவற்றில் நெளியும் புழு ஆகியவற்றில் பாட்டுலிசம் என்ற பாக்டீரியா நஞ்சு திரளும். வாத்தின் கழுத்து துவண்டு தலை தண்ணீரில் சாயும், நீந்தும்போதே மூழ்கிச் சாகும். ஒன்றுக்கு அப்படி ஆனாலே எல்லாவற்றையும் அன்றே குளத்தை விட்டு வெளியேற்றி நிழலில் நல்ல தண்ணீர் கொடுங்கள். செத்ததை உடனே ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். அதில் புழு வைத்துவிட்டால் அந்தப் புழுவைத் தின்னும் அடுத்த வாத்தும் சாகும்.

வளர்த்து அலுத்தவர்கள் வாத்துகளை ஊரணியில் விடுவதுதான் மிகுந்த வேதனை தருகிறது. கூஸும் மணிலாவும் நீங்கலாக வளர்ப்பு வாத்து வகைகள் எல்லாம் மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழி வந்தவை. அவை நம் காட்டு இனமான புள்ளிமூக்கு வாத்தோடு கூடினால் கலப்புக் குஞ்சுகள் பிறக்கும், அந்தக் குஞ்சுகளும் இனம் பெருக்கும். வாத்துகளைக் கொல்லும் வாத்து பிளேக் என்ற வைரஸ் நோயின் கிருமியும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எளிதில் தாவும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி கிராமம் இருக்கும் சிவகங்கை மாவட்டம் இது. 1977-ல் சரணாலயமான வேட்டங்குடியின் கண்மாய்களுக்கு வரும் காட்டுப் பறவைகள் நம் ஊரணிகளிலும் இறங்கி இரை தேடக்கூடியவை. எச்சம் சேர்ந்தால் குடிநீர் ஊரணியும் பாழ்.

ஆகவே ஊராட்சிகள் ஊரணிக் கரையில் "வளர்ப்பு வாத்துகளை விடக் கூடாது" என்ற பலகை வைக்க வேண்டும். விடுதிக்காரர்கள் தொட்டி ஓரத்தில் "ரொட்டி போடாதீர்கள்" என்று எழுதி, பக்கத்தில் நறுக்கிய கீரையைத் தட்டில் வைக்கலாம். கால்நடை மருந்தகங்கள் எட்டு வார வயதில் போட வேண்டிய வாத்து பிளேக் தடுப்பூசியை, கோழித் தடுப்பூசி முகாம்களோடு சேர்த்து வாத்து வளர்ப்போருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
நீர்ப்பறவை வளர்ப்போர் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.